ஹேங் அவுட் செய்தால் வேலை நடக்குமா?

அன்புள்ள ஐயா,

வாடிக்கையாளர் ஒருவரைச் சந்தித்தது பற்றி மேலாளருக்கு ஆங்கிலத்தில் குறிப்பு அனுப்பினேன். அவருடன் இரண்டு மணி நேரம் 'ஹேங் அவுட்' செய்ததாக எழுதியிருந்தேன். மேலாளர் சிரித்துவிட்டு, "அப்படியானால் வேலை ஒன்றும் நடக்கவில்லையா?" என்று கேட்டார். அகராதியில் 'நேரம் செலவிடுதல்' என்றுதானே இருக்கிறது? எங்கே பிசகு?

கா.

அன்புள்ள கா.,

அகராதி சொன்னது பாதி. இன்ன காரியம் என்று எதுவும் இல்லாமல் ஒருவரோடோ ஓரிடத்திலோ பொழுதைப் போக்குவதுதான் ஹேங் அவுட். நண்பர்கள் கூடி அரட்டையடித்தால் இந்த வினை பொருந்தும். அவர்களே கணக்கு வழக்கு பேச உட்கார்ந்துவிட்டால் பொருந்தாது. உங்கள் மேலாளர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். 1836-37இல் தொடராக வந்த டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில், பாப் சாயர் என்னும் மருத்துவ மாணவன் பிக்விக்கின் விலாவில் விரலால் குத்தி, "எங்கே ஹேங் அவுட் செய்கிறீர்?" என்று கேட்கிறான். ஜாகை எங்கே என்பதுதான் அன்று அதற்குப் பொருள். பிக்விக் 'ஹேங்' என்பதைப் பிடித்துக்கொண்டு, தற்சமயம் 'ஜார்ஜ் அண்ட் வல்ச்சர்' விடுதியில் தொங்கிக்கொண்டிருப்பதாகப் பதில் சொல்கிறார். பொருள் எவ்வளவோ நகர்ந்துவிட்டது. விலாவில் குத்தும் அந்த உரிமை மட்டும் சொல்லை விட்டுப் போகவில்லை. அலுவலகக் குறிப்பில் அது உறுத்துவதும் அதனால்தான்.

ஆளைச் சொல்லும்போது பின்னால் 'வித்' சேருங்கள். இறந்தகாலம் 'ஹங் அவுட்'. 'ஹேங்டு' என்று எழுதினால் தூக்குத் தண்டனை நினைவுக்கு வரும். நண்பருக்கு அது வேண்டாம். துணியைக் கொடியில் காயப்போடுவதற்கும் இதே வினைதான், ஆனால் அங்கே செயப்படுபொருள் வந்துவிடுவதால் குழப்பமில்லை. 'கோ அவுட் வித்' என்பதை இதற்கு மாற்றாக நினைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் காதலைக் குறிக்கும், மேலாளர் இன்னும் பலமாகச் சிரிப்பார்.

உங்கள் குறிப்புக்கு 'மெட்' என்ற எளிய வினையே போதும். பேச்சுவார்த்தை முடிந்த பிறகும் இருவரும் சும்மா பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றால், அந்தப் பகுதி மட்டும் ஹேங் அவுட். அதை மேலாளருக்கு எழுத வேண்டிய அவசியமில்லை.