வலிப்பு நோய் இருப்பதை வேலையில் சேரும் இடத்தில் சொல்லலாமா?

ஐடி நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, மாதத்தில் ஒரு வாரம் இரவு ஷிப்ட் உண்டு, வலிப்பு இருப்பதைச் சொன்னால் வேலையைப் பறித்துவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் பதில். யாரிடம், எப்போது, எதைச் சொல்வது என்பதில்தான் முதல் வேலையில் நான் கோட்டை விட்டேன்.

எனக்குப் பதினாறு வயதில் ஆரம்பித்தது. காலையில் எழுந்த சற்று நேரத்துக்குள் கை திடீரென்று வெட்டி இழுக்கும். கையில் இருக்கும் காபி டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதும். கவனக்குறைவு என்று அம்மா ஓராண்டு முழுக்கத் திட்டினார். ஒரு நாள் முழு வலிப்பே வந்த பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். இளம்பருவத்தில் தொடங்கும் வலிப்பு வகை இது, தூக்கம் கெட்டால் வரும், மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது என்றார். அவர் சொன்னபடி இருந்தவரை பெரிய தொந்தரவு எதுவும் இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் முதல் வேலை. சேரும்போது கொடுத்த படிவத்தில் 'நீண்டகால நோய் ஏதேனும் உண்டா' என்று ஒரு வரி. 'இல்லை' என்று எழுதினேன். 'சொன்னால் வேலையும் கிடைக்காது, நாளைக்குக் கல்யாணமும் நடக்காது' என்பது வீட்டில் சொல்லி அனுப்பிய அறிவுரை. மாத்திரை அட்டையைப் பிரிக்கும் சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்குமே என்று, வீட்டிலேயே பிரித்துக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போவேன். கழிப்பறையில் நின்று விழுங்குவேன். இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓடின.

மார்ச் மாதக் கடைசி. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் நான்கு இரவுகள் சரியான தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் காலை கணினியில் தட்டிக்கொண்டிருந்தபோது கை இரண்டு முறை வெட்டியது. அது என்னவென்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் அன்று ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் என்ன காரணம் சொல்லிக் கிளம்புவது? மறைத்ததன் உண்மையான விலை அதுதான். பதினோரு மணிவாக்கில் விழுந்தேன்.

விழுந்த பிறகு நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது வலது உள்ளங்கையில் சாவிகளின் பல் அச்சு அப்படியே பதிந்திருந்தது. யாரோ தன் பைக் சாவி, பீரோ சாவி எல்லாம் சேர்ந்த கொத்தைத் திணித்து, என் விரல்களை மூடி அழுத்திப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் சாப்பாட்டுக் கூடையிலிருந்து கரண்டியை எடுத்துப் பற்களுக்கு நடுவே செருகியிருக்கிறார். முன்பல்லின் முனை உடைந்தது அதனால்தான், வலிப்பால் அல்ல. இருவருமே நல்லவர்கள், பதறிப்போய்ச் செய்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்லி வைத்திருக்கவில்லை.

அடுத்த வாரம் மேலாளர் அழைத்தார். 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள்' என்றார். அதன் பொருள் புரிந்தது. ஆனாலும் வாதாடிப் பார்த்தேன். அவர் அந்தப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, 'இல்லை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?' என்றார். அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த வேலை திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில். இந்த முறை நேர்காணலில் வாயைத் திறக்கவில்லை. நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு, சேர்வதற்கு முன், மனிதவள அதிகாரியைப் பார்த்தேன். 'எனக்கு வலிப்பு உண்டு. மருந்தில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கணக்கு வேலைக்கு இதனால் தடை இல்லை. இரவு முழுக்க விழித்திருக்கும் வேலையும், கிடங்கில் ஏணி மேல் ஏறி இருப்பு எண்ணும் வேலையும் வேண்டாம். மருத்துவர் கடிதம் இது' என்றேன். அந்த அம்மையார் இரண்டே கேள்விகள் கேட்டார், கடிதத்தைக் கோப்பில் வைத்தார், முடிந்தது. நான் முந்தின இரவு ஒத்திகை பார்த்ததில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

பிறகு மூன்று பேரிடம் மட்டும் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர், எதிர் மேசைக்காரர், அலுவலக உதவியாளராக இருந்த அக்கா. மூன்றாவது ஆள்தான் முக்கியம், ஏனென்றால் எந்த நேரமும் எல்லா அறையிலும் இருப்பவர் அவர்தான். நோயின் வரலாற்றை விளக்கவில்லை. விழுந்தால் பக்கத்தில் இருக்கும் நாற்காலியை நகர்த்துங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இவ்வளவுதான்.

'இரும்பு வேண்டாமா கண்ணு?' என்றார் அக்கா. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அதுவாகவே நின்றுவிடும், சாவியைத் தேடிக் கொண்டுவரும் நேரமும் அதுதான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அப்படியானால் இத்தனை நாளும் சாவி சும்மா பேர் வாங்கிக்கொண்டிருக்கிறது' என்றார். (காக்காய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றும் கேட்டார். ஒன்றுமில்லை, கால் கை வலிப்பு என்பது வாயில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆகிவிட்டது.)

இரண்டாம் ஆண்டில் ஒரு முறை வந்தது. காய்ச்சலில் மாத்திரையை வாந்தி எடுத்த மறுநாள். விழித்தபோது தலைக்கடியில் மடித்த துண்டு, உள்ளங்கை காலி. 'இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை கண்ணு, எனக்குத்தான் இரண்டு மணி நேரம் மாதிரி இருந்தது' என்றார் அக்கா. மாதிரித் துணிகள் வைக்கும் அறையில் ஒரு மணி நேரம் தூங்கினேன், ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். மறுநாள் வழக்கம்போல வேலை.

எல்லாம் நல்லபடியாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். மும்பைக்குப் போக வேண்டிய வேலை ஒன்றுக்கு என்னைக் கேட்காமலே வேறொருவரை அனுப்பினார்கள். 'ரயிலில் ஏதாவது ஆகிவிட்டால்?' என்று அக்கறையோடுதான் சொன்னார்கள். அந்த அக்கறை சம்பள உயர்வில் கைவைக்கும். என்னிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த முறை நான்தான் போனேன்.

சட்டத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் வலிப்பு தனிப்பெயராக இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பை ஒரு தடையாக வைத்திருந்ததையே 1999இல்தான் நீக்கினார்கள். இன்னொன்று: வண்டி ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, ஓடும் இயந்திரத்தருகே நிற்பது போன்ற வேலை என்றால் நேர்காணலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். அங்கே மறைத்தால் அடிபடப்போவது நாம் மட்டும் அல்ல.

உங்கள் விஷயத்தில் அவசரமானது இரவு ஷிப்ட். சேர்வதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் அது பற்றிக் கேளுங்கள். கூடாது என்றால் அதை எழுதி வாங்குங்கள், வலிப்பு என்ற சொல்லையே போடச் சொல்லுங்கள். என் நண்பன் ஒருவன் கூச்சப்பட்டு 'நரம்புக் கோளாறு' என்று மட்டும் எழுதி வாங்கிப் போனான். பஸ் நிலையச் சுவரொட்டிகளில் 'நரம்புத் தளர்ச்சி' என்று எதற்கு விளம்பரம் செய்கிறார்கள் என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புதுக் கடிதம் வாங்கிக் கொடுக்கும்வரை அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.