குணச்சித்திர நடிகர் காலின் வெல்லண்ட் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியது எப்படி?

நடித்துக்கொண்டே எழுதியவர் அவர். முதலில் ஓவிய ஆசிரியராக இருந்து, அப்புறம் நடிப்புக்கு வந்தார். 1960களில் பிபிசியின் 'இசட் கார்ஸ்' தொடரில் போலீஸ்காரராக வந்து பிரபலமானார்.

என்னைக் கேட்டால், அவர் நடிப்பின் உச்சம் 'கெஸ்' (1969). பெரும்பாலும் புதுமுகங்கள் நடித்த படம். அதில் இவர் பள்ளி ஆசிரியர். யாரும் கண்டுகொள்ளாத ஒரு பையனை, அவன் வளர்க்கும் வல்லூறைப் பற்றி வகுப்பில் பேசச் சொல்வார். பையன் பேசப் பேச இவர் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தைப் பாருங்கள், நிஜ வாத்தியாரேதான்! சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட விருது) கிடைத்தது.

இதற்கிடையே டிவி நாடகங்கள் எழுதிக் கை தேர்ந்திருந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக் ஓட்டக்காரர்கள் எரிக் லிடெல், ஹெரால்ட் ஆப்ரகாம்ஸ் பற்றி 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தை எழுதும்போது, அந்தப் போட்டியை நினைவில் வைத்திருப்பவர்கள் தொடர்புகொள்ளும்படி பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். அப்படித்தான், அதே ஒலிம்பிக்கில் ஓடிய ஆப்ரி மாண்டேக் தன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அவர் மகன் வழியாகக் கிடைத்தன. படத்தில் கதைசொல்லியாக ஒலிப்பதும் மாண்டேக் பாத்திரத்தின் குரல்தான். 1982இல் அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர். சிறந்த படத்துக்கான விருதும் சேர்ந்து வந்தது.