வழக்கு நடக்கும்போதே பழிவாங்கினால்?

கேள்வி: கோவை மில் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மகள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறாள். கர்ப்பமாக இருந்தபோது தனக்குப் பாரபட்சம் காட்டினார்கள் என்று அங்குள்ள மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்திருக்கிறாள். மனுவின் நகல் நிர்வாகத்தின் கைக்குப் போனதிலிருந்து இரவு ஷிப்ட் மட்டுமே தருகிறார்கள்; இரண்டு மெமோவும் வந்துவிட்டன. இவற்றையும் அதே வழக்கில் சேர்க்க முடியுமா? விசாரணை நாளில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள் அவளுடைய தோழி. மூல வழக்கு தோற்றால் இதுவும் போய்விடுமா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: ஐயா, தோழியின் யோசனையைத் தங்கள் மகள் ஏற்க வேண்டாம். மனுவில் எழுதப்படாத குற்றச்சாட்டை விசாரணை நாளில் எழுப்பினால், அதற்குப் பதில் தயாரிக்க அவகாசமே தரப்படவில்லை என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். அந்த ஆட்சேபம் பெரும்பாலும் எடுபடும்.

சேர்க்க முடியும். ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, உரிமை கோரியதற்காகவோ வழக்குத் தொடுத்ததற்காகவோ ஒருவரைப் பழிவாங்குவதையும், பழிவாங்குவோம் என்று மிரட்டுவதையும் தடை செய்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும் நிலையில், மனுவைத் திருத்த அனுமதி கேட்டு ‘படிவம் 10’ என்ற கோரிக்கையைத் தாக்கல் செய்து, எதிர்த்தரப்புக்கும் அனுப்ப வேண்டும். திருத்தம் எத்தகையது, ஏன் தேவைப்படுகிறது, எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது, எதிர்த்தரப்புக்கு அதனால் என்ன பாதகம் என்பவற்றைப் பார்த்தே தீர்ப்பாயம் முடிவு செய்யும் என்பதால், தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் அவருக்கு எதிராகவே எண்ணப்படலாம். விசாரணை நெருங்கிவிட்ட நிலையில் அனுமதி கிடைக்காமல் போனால், தனி மனுவாகத் தாக்கல் செய்து இரண்டையும் சேர்த்து விசாரிக்கும்படி கேட்கலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து 1 ஆண்டு என்ற காலவரம்பு அதற்கும் பொருந்தும்.

தாங்கள் மில்லில் இருந்தவர் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, தகராறு நிலுவையில் இருக்கும்போது அதனோடு தொடர்புடைய வேலை நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற நிர்வாகம் முன்னனுமதி பெற வேண்டியிருந்தது. அந்த நினைவில் தாங்கள் மகளுக்கு ஆலோசனை சொல்லக்கூடும். ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டத்தில் அப்படிப்பட்ட தானியங்கித் தடை கிடையாது. ஷிப்ட் மாறியது என்று காட்டினால் மட்டும் போதாது. வழக்குத் தொடுத்ததற்குப் பழிவாங்கும் நோக்கத்தோடுதான் மாற்றினார்கள் என்பதையும் நிறுவ வேண்டும்.

நோக்கத்தை யாரும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை. ஆகவே சூழ்நிலைகளைக் கோத்துத்தான் காட்ட முடியும். மனு நிர்வாகத்துக்குக் கிடைத்த தேதி, அதற்கு முந்தைய சில மாதங்களின் ஷிப்ட் அட்டவணைகள், பிந்தையவை, மெமோக்கள், அதே தவறுக்கு மற்ற ஊழியர்களுக்கு மெமோ தரப்பட்டதா என்ற விவரம், மேலாளர் வழக்கைப் பற்றி எதாவது சொல்லியிருந்தால் அது எந்த நாளில், யார் முன்னிலையில் என்பது, இவை அனைத்தையும் தேதி வரிசையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எல்லோருக்குமே ஷிப்ட் மாறியிருந்தால் இந்த வாதம் வலுவிழக்கும். அதை மகள் இப்போதே நேர்மையாகப் பார்த்துக்கொள்வது நல்லது. நிர்வாகம் வழக்கறிஞர் வைத்துக் கடுமையாக வாதாடுவதையும், குற்றச்சாட்டுகளை மறுத்துப் பதில் மனு போடுவதையும் பழிவாங்கலாக எழுத வேண்டாம். அது அவர்களுடைய உரிமை; அதைச் சேர்த்தால் உண்மையான புகாரும் நீர்த்துப்போகும்.

மூல வழக்கு தோற்றாலும் பழிவாங்கல் குற்றச்சாட்டு தன் காலில் நிற்கும். கர்ப்பத்தின் காரணமாகப் பாரபட்சம் நடந்தது என்று நிரூபணமாகாவிட்டாலும், உரிமை கோரியதற்காகத் தண்டித்தது தனிக் குற்றமே.

இரவு ஷிப்டை உடனே நிறுத்தும்படி இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். ஆனால் அது எளிதில் கிடைப்பதில்லை. தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. படிவத்தை எழுதும் முன், அம்மாகாணத்தின் மனித உரிமைச் சட்ட உதவி மையத்தை மகள் அணுகட்டும். அங்கே ஆலோசனை இலவசம்.