பியர் 39-இன் கடற்சிங்கங்கள் கோடையில் எங்கே போகின்றன?

சான் பிரான்சிஸ்கோவின் பியர் 39 என்னும் படகுத்துறையின் மிதவைகளில் வசந்த காலத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும் கடற்சிங்கங்கள் ஜூன், ஜூலையில் காணாமல் போவது ஏன், வெயிலுக்கு அஞ்சி வடக்கே போய்விடுகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். அவை போவது தெற்கே; காரணம் வெயில் அல்ல, இனப்பெருக்கம்.

அந்த மிதவைகளில் கிடப்பவை பெரும்பாலும் ஆண்களே. அவை கோடைத் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவின் சேனல் தீவுகளுக்கு, குறிப்பாக சான் மிகேல், சான் நிகோலாஸ் தீவுகளுக்குச் செல்கின்றன. குட்டிகளில் பெரும்பாலானவை ஜூனில் பிறக்கின்றன. அதையொட்டியே இணைசேரும் காலமும் வருகிறது. கரையில் பிடித்த இடத்தை விட்டு இரை தேடப் போனால் இன்னொரு ஆண் அதைப் பறித்துக்கொள்ளும் என்பதால், வலிய ஆண் பல வாரங்கள் எதுவும் உண்ணாமல், உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே காலம் தள்ளுகிறது.

ஆகஸ்டில் இந்தப் போட்டி ஓய்ந்ததும், இளைத்துப்போன ஆண்கள் இரை தேடி வடக்கே நகர்கின்றன. குளிர்காலத்தை எதிர்கொண்டு குளிர்ந்த கடலுக்கே போகும் இந்தப் பயணம் ஆரிகன், வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா வரை நீள்கிறது. சில ஆண்கள் கொலம்பியா ஆற்றில் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் நீந்தி, பொன்னவில் அணையடியில் தேங்கும் சால்மன் மீன்களைத் தேடிச் செல்கின்றன.

பெண்களின் கதை வேறு, என் மனம் அதிகம் தங்குவதும் அங்கேதான். குட்டியைக் கரையில் விட்டுவிட்டுச் சில நாட்கள் கடலில் இரை தேடும் தாய், திரும்பி வந்ததும் குரல் கொடுக்கிறது. எத்தனையோ குட்டிகளுக்கு நடுவே தன் குட்டியின் பதில் குரலை அடையாளம் கண்டு, மூக்கால் முகர்ந்து உறுதிசெய்துகொண்ட பிறகே பால் கொடுக்கிறது. இப்படிப் பாலூட்டுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டின் இனப்பெருக்கக் காலம் நெருங்கும் வரை தொடர்வதால், தாய் தீவுகளை விட்டு வெகுதூரம் போக முடிவதில்லை. எனவே அந்தப் பகுதிக் கடல் சூடேறி மத்தி, நெத்திலிக் கூட்டங்கள் விலகிப் போகும் ஆண்டுகளில் ஆண்களால் இடம் மாற முடிகிறது; அடி வாங்குவது தாயும் குட்டியும். 2015-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கலிபோர்னியாக் கரைகளில் எலும்பும் தோலுமாக ஒதுங்கிய குட்டிகள் அவ்வாறு பட்டினி கிடந்தவையே.

பியர் 39-க்கு வருவதானால், ஆண்கள் தெற்கே கிளம்பும் முன்பான வசந்த காலமே சிறந்தது. 2024 மே மாதத்தில், விரிகுடாவில் நெத்திலி பெருகியிருந்தபோது, அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கூடியிருந்தன. ஜூலையில்தான் வர முடியும் என்றால், தெற்கே போகாமல் தங்கிவிட்ட சிலவற்றை மட்டும் பார்க்கலாம்.