பகிர்வு முத்திரையில் 'ஏ.யு.' என்றால் எந்த நாடு?

ரகசியக் கோப்பில் இடும் "இந்த நாடுகளுக்கு மட்டும் பகிரலாம்" என்ற முத்திரையில் 'ஏ.யு.' இருந்தால் அது ஆஸ்திரேலியாவா, ஆஸ்திரியாவா என்று கேட்கிறீர்கள். நாட்டுக் குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 3166-இன்படி ஆஸ்திரேலியா. 2008-இல் விலக்கிக்கொள்ளப்பட்ட, அமெரிக்க அரசின் நாட்டுக் குறியீட்டுத் தரமான ஃபிப்ஸ் 10-4-இன்படி ஆஸ்திரியா. இதைவிட ஆபத்து 'சி.எச்.': முன்னதில் சுவிட்சர்லாந்து, பின்னதில் சீனா! இரண்டுமே செல்லுபடியாகும் குறியீடுகள் என்பதால் மென்பொருள் பிழை காட்டாது. கோப்பு சத்தமில்லாமல் தவறான கைக்குப் போய்விடும்.

ஆகவே மூன்றெழுத்துக் குறியீட்டையே எழுதுங்கள். அமெரிக்க முத்திரையில் 'யு.எஸ்.ஏ.' முதலில் வரும். மற்ற நாடுகள் ஆங்கில அகரவரிசையில், காற்புள்ளியிட்டு.

மூன்றெழுத்திலும் கொசோவோ இடறும்: ஐஎஸ்ஓ அதற்குக் குறியீடே ஒதுக்கவில்லை, ஃபிப்ஸுக்குப் பதிலாக வந்த அமெரிக்க அரசின் ஜென்க் தரத்தில் 'எக்ஸ்.கே.எஸ்.', வேறு பல இடங்களில் 'எக்ஸ்.கே.எக்ஸ்.'. பழைய தரவை மாற்றும்முன், எந்தத் தரம், எந்தப் பதிப்பு என்பதைத் தனிப் புலத்தில் பதியுங்கள்.