யோபுவின் நண்பர்கள்

வணக்கம் ஐயா,

நான் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவள். இப்போது, புதிதாக நோய் தெரிந்து வருபவர்களுக்குத் துணையாக இருக்கிறேன். டாக்டர் சொல்வதைப் புரியவைப்பேன், அவர்களுக்காகக் கேள்வி கேட்பேன், கீமோ நாட்களில் கூட இருப்பேன். இதற்காகத்தான் கடவுள் என்னைப் பிழைக்க வைத்தார் என்று நம்புகிறேன். "விசுவாசத்தோடு ஜெபியுங்கள், என்னைப் போல எழுந்து வருவீர்கள்" என்று எல்லோரிடமும் சொல்வேன். சமீபத்தில் ஒரு நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, அப்படிச் சொல்லாதீர்கள் என்றார். மனசு உடைந்துவிட்டது. விசுவாசத்தைக் கழற்றி வைத்துவிட்டு இந்த வேலையை எப்படிச் செய்வது? படிக்க ஏதாவது புத்தகங்கள் சொல்வீர்களா?

ச.

அன்புள்ள ச.,

புத்தகப் பட்டியல் இப்போது வேண்டாம். கடவுள் விவாதத்துக்கும் நான் வரவில்லை. அவர் உங்களை இதற்காகத்தான் பிழைக்க வைத்தார் என்றால், சரி, அது உங்களுக்கும் அவருக்கும் இடையில்.

ஆனால் அந்த நர்ஸ் சொன்னது சரி. ஜெபித்தால் எழுந்து வருவீர்கள் என்கிறீர்கள். எழுந்து வராதவர்கள்? அவர்கள் ஒழுங்காக ஜெபிக்கவில்லையா? நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்பீர்கள். படுத்திருப்பவர் காதில் அப்படித்தான் விழும்.

என் அக்காவுக்கு நோய் திரும்பி, கல்லீரலுக்குப் பரவியிருந்தது. பார்க்க வந்த ஒருவர், நல்ல மனிதர்தான், "உன் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது, யோசித்துப் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் ஜெபித்தவள் அவள். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. யாரிடம் கோபப்பட்டேன், எப்போது பொய் சொன்னேன் என்று ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் சொன்னாள். சின்ன வயதில் என் பென்சிலை எடுத்து ஒளித்ததைக்கூடச் சொன்னாள். கல்லீரலில் கட்டி வந்ததற்குக் காரணம் பென்சில்! எனக்கு இன்னும் ஆறவில்லை. சிகிச்சையில் தப்பிய செல்கள் உடம்பில் சத்தமில்லாமல் கிடந்து, வருடங்கள் கழித்துப் பெருகும். சில வகை மார்பகப் புற்றுநோய் பத்து, பதினைந்து வருடம் கழித்தும் திரும்பும். அதில் யாருடைய ஜெபத்தின் குறையும் இல்லை.

உங்கள் கடிதம் வந்தபோது நான் பைபிளில் வரும் யோபுவின் கதையைத்தான் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்தவர். உங்களுக்குத் தெரியாததா? நண்பர்கள் மூவர் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். அப்புறம் வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது யார்மேல்? தன்னோடு வழக்காடிய யோபுமேல் அல்ல, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள்மேல். கடவுளுக்காக வாதாட நீங்கள் வேண்டியதில்லை அம்மா. நோயாளிக்காக வாதாடத்தான் ஆள் இல்லை.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னருக்கு 1974இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. அப்போதெல்லாம் பயாப்ஸிக்கு, அதாவது கட்டியிலிருந்து துண்டு எடுத்துச் சோதிப்பதற்கு, மயக்கம் கொடுப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். கண் விழித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கே தெரியும். முதலில் பயாப்ஸி மட்டும் செய்யுங்கள், மற்றதை நான் முடிவு செய்கிறேன் என்று குஷ்னர் பிடிவாதமாக நின்றார். பிறகு மற்ற பெண்களுக்காகவும் அதையே விடாமல் பேசினார். 1979இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இரண்டையும் தனித்தனியாகச் செய்யும்படி பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் குஷ்னரும் இருந்தார்.

விசுவாசத்தை ஏன் கழற்ற வேண்டும்? ஒருவர் தானாகக் கேட்டால் கூட உட்கார்ந்து ஜெபியுங்கள். கேட்காதவரிடம் வேண்டாம். டாக்டரிடம் "இந்தச் சிகிச்சை குணமாக்கவா, கட்டுப்படுத்தி வைக்கவா?" என்று கேட்க நோயாளிக்கு நாக்கு எழாது, அவர் தெரிந்துகொள்ள விரும்பினால் நீங்கள் கேளுங்கள். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், ஜெபித்துவிட்டு விடியட்டும் என்று இருக்க விடாதீர்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளப்புங்கள். ஜெபத்தை வண்டியில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அந்த நர்ஸிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் போய்ப் பேசுங்கள். வார்டில் பார்க்க ஆளே வராத நோயாளி யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.