புதிய குடியிருப்பு வளாகத்துக்கு மரம், செடி வைக்கப் போகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியிலிருந்து எனக்குப் புரிந்தது இது: மனை பிரித்தாயிற்று, சாலை வேலையும் அஸ்திவார வேலையும் ஓடுகிறது, பசுமை வேலை முழுக்க உங்கள் பொறுப்பு. எந்த மரங்கள் வாங்கலாம், எப்போது நடலாம் என்று கேட்கிறீர்கள். நான் இந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவன், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். மரப் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். செடி வாங்குவது இந்த வேலையில் கிட்டத்தட்ட கடைசிக் கட்டம். இன்றைக்கு நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியது மண்ணை.

புது வளாகங்களில் நட்ட மரம் பட்டுப்போவதற்கோ, வருடக்கணக்காக நட்ட உயரத்திலேயே நிற்பதற்கோ பெரும்பாலும் காரணம் மரம் இல்லை. டிப்பரும் பொக்லைனும் ஏறி இறங்கிய மண். கனமான வண்டி முதல் சில தடவை ஏறும்போதே இறுக்கத்தில் பெரும்பங்கு வந்துவிடுகிறது, அதற்கப்புறம் எத்தனை தடவை ஓடினாலும் கூடுவது கொஞ்சம்தான். எனவே ஏற்கெனவே வண்டி ஓடிய இடத்தை நினைத்துக் கவலைப்படுவதைவிட, இன்னும் டயர் படாத இடம் எது என்று பார்த்து அதைச் சுற்றி இன்றே வேலி போடுவது பல மடங்கு லாபம். பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் காலியாகக் கிடக்கிறதே என்று அங்கேதான் ஜல்லியும் கம்பியும் இறக்குவார்கள், கலவை மெஷினையும் அங்கேதான் கழுவுவார்கள். அதைத் தடுக்க வேண்டிய ஆள் நீங்கள்தான். வேறு யாருக்கும் அது கண்ணில் படாது.

இறுகிய மண்ணில் காற்றுக்கும் தண்ணீருக்கும் இடைவெளி இருக்காது. களிமண்ணின் உலர்ந்த எடை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிராமைத் தாண்டினால் வேர் உள்ளே போகத் திணறும், மணற்பாங்கான மண் 1.8 வரை தாங்கும். சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம்தான், ஆனால் முதல் கணிப்புக்கு ஒரு மெல்லிய இரும்புக் கம்பியே போதும். மண்ணை நன்றாக நனைத்து, ஒரு நாள் விட்டு, கம்பியைக் கையால் அழுத்துங்கள். ஒரு சாண் இறங்குவதற்குள் நின்றுவிட்டால் வேருக்கும் அதே கதிதான்.

அப்புறம் ஒரு இடத்தில் ஒன்றரை அடி வெட்டிப் பாருங்கள். மேலே புதிதாகக் கொட்டிய மண் நான்கு விரல் உயரம் அழகாக இருக்கும். அதற்குக் கீழே செங்கல் துண்டு, சிமெண்ட் பால் கொட்டி உறைந்த தகடு, பூச்சு வேலையில் உதிர்ந்த சுண்ணாம்பு, கிழிந்த சாக்கு எல்லாம் வரும். இந்தச் சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடுகின்றன. அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இளந்தளிர் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்ததும் எல்லோரும் உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். உரம் போட்டு இதைத் தீர்க்க முடியாது. அந்தக் குப்பையைத் தோண்டி வெளியே எடுப்பதுதான் வைத்தியம், அதுவும் செடி வைப்பதற்கு முன்னால்.

மேல்மண் இன்னும் மிச்சம் இருந்தால் அதைவிடப் பெரிய சொத்து உங்களிடம் இல்லை. மேலே உள்ள 15 முதல் 20 சென்டிமீட்டரைத் தனியாக வழித்தெடுத்து, 2 மீட்டருக்கு மேல் போகாத குவியலாக, வண்டி ஏறாத மூலையில் வையுங்கள். மலை மாதிரி உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் மண்ணின் உயிர்கள் செத்துவிடும். கட்டட வேலை முடிந்த பிறகு அடிமண்ணை 30 முதல் 45 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறிவிட்டு அதன் மேல் பரப்ப வேண்டும். கீறாமல் அப்படியே பரப்பினால் மழைத் தண்ணீர் இரண்டு அடுக்குக்கும் நடுவில் தேங்கி நிற்கும். ஈரமாக இருக்கும்போது கீறக் கூடாது, களி குழைந்து இன்னும் மோசமாகும்.

ஏற்கெனவே நிற்கிற மரங்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, இருந்தால் அவைதான் முதலில். தண்டின் விட்டத்தை நெஞ்சு உயரத்தில் அளந்து 12 ஆல் பெருக்குங்கள். 40 சென்டிமீட்டர் தண்டு என்றால் 4.8 மீட்டர். மரத்தைச் சுற்றி அத்தனை தூரத்துக்கு அசையாத வேலி வேண்டும், உள்ளே ஒரு மூட்டை சிமெண்ட்கூட வைக்கக் கூடாது. மட்டம் சரிசெய்கிறேன் என்று வேர் மேல் ஒன்றரை அடி மண் கொட்டுவதும் மரத்தையே வெட்டுவதும் ஒன்றுதான். உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. சில வருடம் கழித்து, வீடு வாங்கியவர்கள் குடிவந்த பின்னால், உச்சிக்கிளை காயத் தொடங்கும்.

மண்ணுக்கு அடுத்தது தண்ணீர் வடிகிறதா என்ற சோதனை. வளாகத்தில் நான்கைந்து இடத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து நிறையத் தண்ணீர் விட்டு வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் கவலையில்லை. 1 சென்டிமீட்டருக்கும் குறைவு என்றால் அங்கே வடிகால் வேண்டும், அல்லது மேடு போட்டு நட வேண்டும், இல்லையென்றால் ஈரத்தில் நிற்கக்கூடிய செடிகளை மட்டும் வைக்க வேண்டும். இந்த எண் கைக்கு வராமல் மரம் தேர்ந்தெடுப்பது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற முடிவு.

சாலை போடுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது, தார் விழுந்துவிட்டால் செய்ய முடியாது. எங்கெல்லாம் பாசனக் குழாயோ தோட்ட விளக்கின் ஒயரோ சாலையைக் கடக்குமோ, அங்கெல்லாம் காலி பிவிசி குழாயைக் குறுக்கே புதைத்து இரண்டு முனையிலும் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். இப்போது அரை நாள் வேலை. பிறகென்றால் புதுச் சாலையை உடைக்க வேண்டும், யாரும் சம்மதிக்க மாட்டார்கள், கடைசியில் எதிர்ப்பக்கச் செடிகள் ஓஸ் பைப்பை நம்பியே இருக்கும்.

சரி, இப்போது மரத்துக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டியது, வேருக்கு எவ்வளவு மண் கொடுக்கப் போகிறீர்கள் என்பது. மரத்தின் நிழல் விழும் பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 0.6 கன மீட்டர் நல்ல மண் வேண்டும் என்பது தொழிலில் பரவலாக வைத்துக்கொள்கிற கணக்கு. 6 மீட்டர் விரிகிற மரத்துக்கு 17 கன மீட்டர் வருகிறது. நடைபாதையில் ஒரு மீட்டர் சதுரத்தில் ஓட்டை விட்டு அதில் மரம் நட்டால் அதற்குக் கிடைப்பது ஒரு கன மீட்டர். அந்த மரம் குட்டையாகவே நின்றுவிடும், இல்லாவிட்டால் நடைபாதைக் கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். தனித்தனிக் குழிகளுக்குப் பதிலாக சாலை நெடுகத் தொடர்ச்சியான மண் பட்டை விடச் சொல்லி வரைபடக்காரரிடம் இப்போதே சண்டை போடுங்கள். வேர்கள் பக்கவாட்டில்தான் அதிகம் ஓடும், பெரும்பகுதி மேலே உள்ள 60 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கும். மரங்கள் மண்ணைப் பகிர்ந்துகொள்ளும். இடமே இல்லை என்றால் பாரம் தாங்கும் ஜல்லியின் இடுக்கில் மண் சேர்த்த கலவையை நடைபாதைக்கு அடியில் நிரப்பலாம், கார்னெல் பல்கலைக்கழகம் 1990களில் உருவாக்கிய முறை அது. செலவு கூடும், நெருக்கமான இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம் என்பதில் என் கருத்து, ஒரே மரத்தை வரிசையாக வைத்து அழகு காட்ட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு பூச்சி, ஒரு நோய் வந்தால் முழுத் தெருவும் மொட்டையாகும். அமெரிக்காவில் எல்ம் மரத் தெருக்கள் டச்சு எல்ம் நோயில் அப்படித்தான் போயின. போன இடத்தை நிரப்ப ஆஷ் மரங்களை நட்டார்கள், 2002இல் டெட்ராய்ட் அருகே ஒரு துளைப்பான் வண்டு கண்டுபிடிக்கப்பட்டது, ஆஷும் போகத் தொடங்கியது. ஃபிராங்க் சான்டமூர் என்ற மர ஆய்வாளர் 1990இல் சொன்ன வரம்பு எளிமையானது: மொத்த மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்) 20, ஒரே குடும்பம் (உறவுள்ள பேரினங்களின் கூட்டம்) 30. ஒரு தெருவுக்குள் ஒரே மாதிரி தோற்றம் வேண்டுமென்றால் உருவம் ஒத்துப்போகிற வேறு வேறு இனங்களைக் கலந்து கொள்ளலாம்.

எத்தனை மரம் என்று கேட்டால், 2021இல் செசில் கோனைனன்டைக் என்ற நகர மர ஆய்வாளர் முன்வைத்த 3-30-300 விதி நல்ல இலக்கு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரமாவது கண்ணில் பட வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதம் மர நிழல், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா. வரைபடத்தில் நாற்றின் அளவுக்கு வட்டம் போடாமல் முழுதாக வளர்ந்த மரத்தின் அளவுக்குப் போடுங்கள். அப்போதுதான் எது மாடி பால்கனியில் முட்டும், எது தெருவிளக்கை மறைக்கும், எது மின்கம்பிக்கு அடியில் வரும் என்று தெரியும். சாலை முனைகளில் வண்டி ஓட்டுபவரின் பார்வை மறையாதபடி புதர்கள் முழங்கால் உயரம் தாண்டக் கூடாது. மேற்குச் சுவருக்கு நிழல் தரும் இடத்தை முதலில் நிரப்புங்கள், மாலை வெயிலின் சூடு அங்கேதான் வீட்டுக்குள் ஏறுகிறது. குழந்தைகள் விளையாடும் இடத்தருகே அரளி வேண்டவே வேண்டாம், அதன் எல்லாப் பாகமும் விஷம்.

விற்பனை நாளன்று பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும் என்பதற்காகப் வளாகத்தை விற்பவர்கள் பதினைந்து அடி மரங்களை லாரியில் கொண்டுவரச் சொல்வார்கள். பெரிய மரத்தைத் தோண்டும்போது வேரில் பெரும்பகுதி வெட்டுப்படுகிறது, அது மீண்டு வளரத் தொடங்குவதற்குள் பக்கத்தில் நட்ட சின்ன மரம் எட்டிப் பிடித்து மேலே போயிருக்கும். நுழைவாயிலில் ஒன்றிரண்டு பெரிதாக வைத்து அவர்களைத் திருப்திப்படுத்துங்கள், மிச்சப் பணத்தை மண்ணுக்கும் சின்ன நாற்றுகளுக்கும் செலவழியுங்கள். புல்தரையை ஆட்கள் உட்காருகிற, குழந்தைகள் ஓடுகிற இடத்துக்கு மட்டும் போடுங்கள், மற்ற இடத்தில் தரையோடு படரும் செடிகள் போதும்.

நடும் முறையில் ஆழம்தான் முக்கியம். குழி, நாற்றின் வேரோடு பையில் வரும் தாய்மண் கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் மட்டும் அந்தக் கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. நர்சரிப் பையிலேயே தூர், அதாவது தண்டின் அடிப்பாகம், மண்ணுக்குள் புதைந்திருப்பது சகஜம், அதனால் விரலால் மேல்மண்ணைக் கிளறி, தண்டு அகன்று முதல் வேர் பிரிகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடம் தரைமட்டத்திலோ ஒரு விரல்கடை மேலேயோ நிற்க வேண்டும். பையை முழுவதும் உரித்து எடுங்கள், கீழே கிழித்துவிட்டால் போதும் என்று வேலையாட்கள் சொன்னால் கேட்காதீர்கள். பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரைக் கத்தியால் வெட்டிவிடுங்கள், விட்டுவைத்தால் பத்து வருடம் கழித்து அதுவே தண்டை நெரிக்கும். குழியை எருவும் மணலுமாக நிரப்புகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. சுற்றிலும் களி, நடுவில் மட்டும் பொலபொலப்பான மண் என்றால் தண்ணீர் பானையில் நிற்பதுபோல் குழியிலேயே நிற்கும், வேரும் வெளியே வராது. எடுத்த மண்ணையே போடுங்கள், எருவை மேலே மூடாக்காக 5 முதல் 10 சென்டிமீட்டர் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். முட்டுக்கொம்பு தேவைப்பட்டால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் பருக்கும், ஒரு வருடத்துக்குள் கட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

எப்போது நடுவது என்று கேட்டிருந்தீர்கள். வடிகால், குழாய், நடைபாதை எல்லாம் முடிந்து, கீறிய மண் பரப்பியான பிறகு, மழைக்காலத் தொடக்கத்தில். அதிலும் முதலில் மரம், அப்புறம் புதர், கடைசியில் புல். தலைகீழாகச் செய்தால் புல் மேலேயே தள்ளுவண்டி ஓடும்.

நட்ட முதல் சில வாரம் தண்ணீர் தாய்மண் கட்டியின் மேலேயே விழ வேண்டும். சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும், கட்டி மட்டும் உள்ளே வறண்டு கிடக்கும், மேலே பார்த்தால் தெரியாது, விரலை விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு இடைவெளியைக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் ஆழமாக இறங்கும்படி விடுங்கள். தண்ணீர் அதிகம் கேட்கிற செடியையும் குறைவாகக் கேட்கிற செடியையும் ஒரே வால்வில் சேர்க்காதீர்கள், ஒன்று அழுகும், இன்னொன்று வாடும்.

ஒப்பந்தத்தில் நடும் கூலியோடு குறைந்தது இரண்டு வருடப் பராமரிப்பையும் சேர்த்து எழுதுங்கள். தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, இரண்டாம் வருட முடிவில் உயிரோடு நிற்கிற மரங்களை எண்ணிப் பார்த்துக் கொடுங்கள். தூர் புதைந்திருந்தால், பை உரிக்காமல் இருந்தால் திருப்பி நட வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். அந்த வரி இருந்தால்தான் நடும் நாளில் ஒன்றிரண்டு குழியைக் கிளறிப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கும். வளாகத்தைக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்கும்போது குழாய், வால்வு, புதைத்த பிவிசி, ஒவ்வொரு மரத்தின் பெயர் எல்லாம் குறித்த வரைபடத்தையும் கூடவே கொடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் அவர்கள் முதல் தடவை கேபிள் போட வெட்டும் பள்ளம் உங்கள் மரவரிசையின் வேரை நெடுகிலும் அறுத்துக்கொண்டு போகும்.